ரோமை எதிர்த்த ஐந்து பேர்: நாவலுக்கு யாரை எடுக்கலாம்?

ரோமை எதிர்த்து எழுந்த ஒரு பழங்குடியைப் பற்றித் தமிழில் சரித்திர நாவல் எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. யாரைப் பற்றி என்பதுதான் பாக்கி. ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகல், ஸ்பெயின் பக்கம் விரியாத்தஸ். கி.மு. 52இல், இன்று பிரான்ஸ் என்கிற கௌல் நாட்டில் வெர்சிங்கெடோரிக்ஸ். கி.பி. 9இல் ஜெர்மானியக் காடுகளில் ஆர்மினியஸ். கி.பி. 60 வாக்கில் பிரிட்டனில் பூடிக்கா. கி.பி. 69இல் ரைன் ஆற்றின் கழிமுகத்தில் சிவிலிஸ்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட நாவல் என்றால் சிவிலிஸ். குறுநாவல் என்றால் விரியாத்தஸ். பூடிக்காவைத்தான் எழுதுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது.

எல்லாருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. இவர்களில் யாரும் தங்கள் கதையைத் தாங்களே எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் ரோமானியர்களும், ரோம ஆட்சியில் வாழ்ந்த கிரேக்கர்களும் எழுதியவை. கௌல் போரை எழுதியவர் அதை நடத்திய சீசரே. பூடிக்காவைப் பற்றி எழுதிய டாசிட்டஸ் அந்தக் கலகத்தின்போது சின்னக் குழந்தை. ஆனால் அவருடைய மாமனார் அக்ரிகோலா அப்போது பிரிட்டனில் இளம் அதிகாரியாக இருந்தார், அதனால் அவருக்குச் சில செய்திகள் வீட்டிலேயே கிடைத்திருக்கும். காசியஸ் டியோ எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. இவர்கள் எல்லாரும் பழங்குடித் தலைவர்களின் வாயில் நீளமான சொற்பொழிவுகளை வைப்பார்கள். அவை லத்தீன், கிரேக்கப் பேச்சுக்கலையில் ஊறியவர்கள் உட்கார்ந்து செய்தவை. ஸ்காட்லாந்து மலையில் கல்ககஸ் என்ற தலைவன், 'எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டு அதற்கு அமைதி என்று பெயர் வைக்கிறார்கள்' என்று ரோமைத் திட்டுவான். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற வரி. எழுதியது டாசிட்டஸ். அந்தப் பேச்சைத் தவிர கல்ககஸைப் பற்றி நமக்குக் கையில் எதுவும் இல்லை. அதனால்தான் அவனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. வட ஆப்பிரிக்காவின் டாக்பரினாஸையும் மனசில்லாமல் விட்டுவிட்டேன். கி.பி. 17 முதல் 24 வரை ரோமைப் படாத பாடு படுத்தியவன் அவன். 'கதை முடிந்தது' என்று அறிவித்த மூன்று தளபதிகளுக்கு ரோமில் வெற்றிச் சிலை வைத்தாயிற்று, இவன் பாட்டுக்கு ஆப்பிரிக்காவைச் சூறையாடிக்கொண்டிருந்தான். நல்ல நகைச்சுவை. ஆனால் ஆளின் முகம் தெரிவதில்லை.

நாவலுக்கு ஆள் தேடும்போது வீரத்தை அளந்து பயனில்லை. வீரம் இவர்கள் எல்லாரிடமும் இருந்தது. நான் பார்ப்பது, இந்தக் கதையில் ரோமானியர் எங்கே வாயை மூடிக்கொண்டார்கள் என்பதை. நாவலாசிரியருக்கு வேலை இருப்பது அங்கேதான். அப்புறம், எதிரியைக் கிட்டத்தில் தெரிந்தவனா என்றும் பார்ப்பேன். ரோமைத் தூரத்தில் இருந்து வெறுத்தவனை வைத்துப் பத்து அத்தியாயம் ஓட்டலாம். ரோமச் சம்பளம் வாங்கி, ரோமப் பெயர் வைத்துக்கொண்டு, பிறகு திரும்பி நின்றவன் ஐம்பது அத்தியாயம் தாங்குவான்.

பூடிக்காவில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது அவள் மேல்தான். காரணம் புரிகிறது. கிழக்கு இங்கிலாந்தில் ஐசெனி என்ற குடி. அதன் அரசன் பிரசுடாகஸ் ரோமோடு இணங்கிப் போனவன். தன் இரண்டு மகள்களோடு பேரரசன் நீரோவையும் வாரிசாக உயிலில் எழுதி வைத்தான், குடும்பம் தப்பிக்கட்டும் என்று. அவன் இறந்ததும் ரோம அதிகாரிகள் வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டார்கள். ராணி பூடிக்காவைச் சாட்டையால் அடித்தார்கள். மகள்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். டியோ இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறார்: நீதி நெறி எழுதிப் பேர் வாங்கிய செனகா, பிரிட்டானியர் தலையில் 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) கடனைக் கட்டிவிட்டு ஒரேயடியாகத் திருப்பிக் கேட்டாராம். கலகம் வெடித்தது. ஓய்வுபெற்ற ரோம வீரர்கள் குடியேறிய கமுலோடுனம், அதாவது இன்றைய கோல்செஸ்டர், முதலில் எரிந்தது. கஜானா அதிகாரி அந்த ஊருக்கு அனுப்பிய உதவி, சரியான ஆயுதம்கூட இல்லாத 200 பேர். மிச்சமிருந்தவர்கள் கிளாடியஸ் கோயிலுக்குள் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். அடுத்து லண்டன், அடுத்து வெருலாமியம், அதாவது இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ்.

தடயங்களைப் பொறுத்தவரை பூடிக்கா பணக்காரி. கோல்செஸ்டரிலும் லண்டனிலும் தோண்டினால் அந்தத் தீயின் செம்மண் படலம் இன்றும் தட்டுப்படுகிறது. கோல்செஸ்டரில் கருகிய பேரீச்சம்பழங்கள் கிடைத்திருக்கின்றன. 2014இல் அங்கே ஒரு கடைக்கு அடியில் தோண்டியபோது, யாரோ அவசர அவசரமாகத் தரையில் புதைத்துவிட்டுப் போன நகைகள் வெளிப்பட்டன. எடுக்க யாரும் திரும்பி வரவில்லை. 1907இல் சஃபோக்கில் ஆல்ட் ஆற்றில் ஒரு பேரரசனின் வெண்கலத் தலை கிடைத்தது, சிலையின் கழுத்தில் இருந்து பெயர்த்து எடுத்தது.

அப்படியிருந்தும் ஏன் தயங்குகிறேன்? கதையின் வரைபடம் ஏற்கெனவே முழுசாகப் போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. அநீதி, பழி, மூன்று நகரங்கள், ஒரு கடைசிப் போர், விஷம். டியோ அவளுக்கு உருவம்கூடக் கொடுத்துவிட்டார்: நெடிய உடல், இடுப்பு வரை செம்பட்டை முடி, கரகரத்த குரல், கழுத்தில் பெரிய பொன் காறை, மடியில் இருந்து முயலை ஓடவிட்டுச் சகுனம் பார்க்கிற வழக்கம். இதை அப்படியே எழுதினால் நம் வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான வீரமங்கை சித்திரம்தான் வரும், ஆடை மட்டும் வேறு. கடைசிப் போரில் பிரிட்டானியர் 80,000 பேர், ரோமானியர் 400 பேர் செத்தார்கள் என்கிற டாசிட்டஸின் கணக்கை வேறு எங்கே கொண்டு வைப்பது? அது வென்றவன் போட்ட கணக்கு.

பூடிக்காவில் ரோமானியர் வாயை மூடிக்கொண்ட இடம் அவளுடைய மகள்கள். பெயர்கூட யாரும் எழுதவில்லை. கடைசிப் போருக்கு முன்பு தாயோடு தேரில் நின்றார்கள் என்பதோடு சரி. அவர்களுக்கு என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. எழுதியே தீருவேன் என்றால் அங்கே நுழையுங்கள். இன்னொரு வாசலும் இருக்கிறது. கலகம் அடங்கியபின் புதுக் கஜானா அதிகாரியாக வந்த கிளாசிசியானஸ், 'ஆளுநர் பழிவாங்குவதை நிறுத்தாவிட்டால் இந்த நாடு அடங்காது, ஆளை மாற்றுங்கள்' என்று ரோமுக்கு எழுதினான். அவனே கௌல் வம்சத்தவன். அவன் மனைவி, சொந்த இனத்தின் கிளர்ச்சியை ரோமுக்காக அடக்கிய இண்டஸ் என்ற கௌல் தலைவனின் மகள். அவனுக்கு அவள் எழுப்பிய கல்லறைக் கல் லண்டனில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தத் தம்பதியின் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது என்ன பேசியிருப்பார்கள்? எனக்குப் பூடிக்காவின் போர் முழக்கத்தைவிட அதைக் கேட்கத்தான் ஆசை.

வெர்சிங்கெடோரிக்ஸைச் சீக்கிரம் கடந்துவிடலாம். பெரிய ஆள், சந்தேகமில்லை. ரோமப் படைக்குத் தீவனம் கிடைக்கக் கூடாது என்று ஒரே நாளில் இருபதுக்கு மேற்பட்ட சொந்த ஊர்களைக் கொளுத்தச் சொன்னவன். கெர்கோவியாவில் சீசரைத் தோற்கடித்தவன். கடைசியில் அலேசியா மலையூரில் மாட்டிக்கொண்டான். சீசர் ஊரைச் சுற்றி 11 ரோம மைல் நீளத்துக்கு ஒரு அரண், வெளியில் இருந்து உதவிக்கு வருகிறவர்களைத் தடுக்க 14 மைல் நீளத்துக்கு இன்னொரு அரண் கட்டினார். உள்ளே தானியம் தீர்ந்ததும், அந்த ஊரின் சொந்தக் குடிகளான மண்டுபியரை, பெண்டு பிள்ளைகளோடு வெளியே தள்ளினார்கள். சீசர் அவர்களை உள்ளே விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், மதிலுக்கும் அகழிக்கும் இடையில் கிடந்தார்கள். அதற்குமேல் அவர்களைப் பற்றிச் சீசர் ஒரு சொல் எழுதவில்லை. இந்த ஒரு காட்சிக்காக மட்டும் அலேசியாவை எழுதலாம்.

ஆனால் நாயகன் உங்கள் கைக்கு வர மாட்டான். கதையை எழுதியவன் சீசர், அதுவும் அரசியல் லாபத்துக்காக, மிக நேர்த்தியாக. ஒவ்வொரு அடியிலும் அவருடைய உரைநடையை எதிர்த்து நீங்கள் மல்லுக்கட்ட வேண்டும். அதற்குமேல் 19ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் அலேசியாவைத் தோண்டச் சொல்லி, 1865இல் அங்கே பெரிய சிலையும் வைத்து, இவனை பிரான்சின் தேசிய வீரனாக்கிவிட்டார். கௌல் போர்தான் வேண்டும் என்றால் கோமியஸ் என்பவனைப் பாருங்கள். சீசரே ராஜாவாக்கிய நண்பன், அவருக்காகப் பிரிட்டனுக்குத் தூது போனவன், பிறகு கட்சி மாறினான். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அவனை வெட்ட ரோமானியர் ஆள் வைத்தார்கள். தலையில் காயத்தோடு தப்பியவன், இனி ஒரு ரோமானியன் முகத்தில்கூட விழிப்பதில்லை என்று முடிவெடுத்தான். கடைசியில் சமாதானம் பேசியபோதும் அதையே நிபந்தனையாக வைத்தான். அப்புறம் பிரிட்டனுக்குத் தப்பினான். அவன் பெயர் பொறித்த காசுகள் தென் இங்கிலாந்தில் கிடைத்துள்ளன. அலேசியாவின் பெரிய பெயருக்குப் பின்னால் இப்படி ஒரு ஆள் மறைந்து கிடக்கிறான்.

அடுத்து ஆர்மினியஸ். என் அளவுகோலில் முதலிடத்துக்கு மிக அருகில் வருகிறவன். செருஸ்கி குடித் தலைவனின் மகன், ரோமக் குடியுரிமை பெற்றவன், குதிரைவீரர் வகுப்பு அந்தஸ்து வாங்கியவன், ரோமத் துணைப்படையை நடத்தியவன். ஆளுநர் வாரஸின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். கி.பி. 9இல் அதே வாரஸையும் அவனுடைய மூன்று லீஜியன்களையும், அதாவது ரோமின் பெரும் படைப்பிரிவுகளையும், காட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போய் அழித்தான். 17, 18, 19 என்ற அந்த லீஜியன் எண்களை ரோம் அதற்குப் பிறகு எந்தப் படைக்கும் வைக்கவில்லை. பேரரசர் அகஸ்டஸ் கதவில் தலையை மோதிக்கொண்டு, 'வாரஸ், என் லீஜியன்களைத் திருப்பிக் கொடு' என்று கத்தினார் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவடோனியஸ்.

1987இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் ஓஸ்னாப்ரூக் அருகே கால்க்ரீசாவில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தபோது ரோமக் காசுகளும் கவண் குண்டுகளும் கிடைத்தன. இன்று பெரும்பாலோர் ஏற்கும் போர்க்களம் அதுதான். அங்கே கிடைத்தவற்றில் ஒன்று, ஒரு கோவேறு கழுதையின் எலும்பும் அதன் கழுத்து மணியும். மணிக்குள் புல்லைத் திணித்து வைத்திருந்தார்கள், சத்தம் வரக் கூடாது என்று. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு மழையில், சேற்றில், பயத்தில் ஒரு வண்டிக்காரன் செய்த வேலை. இந்த மணி ஒன்று போதும், அத்தியாயம் எழுந்துவிடும்.

குடும்பக் கதையும் பிரமாதம். மாமனார் செகெஸ்டெஸ் ரோம விசுவாசி. தாக்குதலுக்கு முந்திய விருந்தில்கூட, 'இவனையும் என்னையும் எல்லாரையும் விலங்கு போடு, யார் துரோகி என்று பிறகு விசாரி' என்று வாரஸிடம் கெஞ்சினார். வாரஸ் கேட்கவில்லை. வேறு ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவர் மகள் துஸ்னெல்டாவைத்தான் ஆர்மினியஸ் தூக்கிப் போயிருந்தான். பின்னால் அவள் கர்ப்பிணியாக ரோமானியர் கையில் சிக்கினாள். கி.பி. 17 மே 26 அன்று ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் அவளைச் சின்ன மகனோடு நடத்திப் போனார்கள். மரியாதைக்குரிய விருந்தாளியாக உட்கார்ந்து அதைப் பார்த்தவர் அவளுடைய அப்பா. தம்பி ஃபிளாவஸ் ரோமப் படையிலேயே தங்கிவிட்டவன், சண்டையில் ஒரு கண் போனவன். வேசர் ஆற்றின் இரு கரையில் நின்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிற காட்சி டாசிட்டஸில் இருக்கிறது. கண்ணுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று அண்ணன் கேட்கிறான். கூடுதல் சம்பளம், பதக்கங்கள் என்று தம்பி அடுக்குகிறான். அடிமைத்தனம் இவ்வளவு மலிவா என்று அண்ணன் சிரிக்கிறான். ஆற்றில் இறங்கி அடித்துக்கொள்ளப் போனவர்களை மற்றவர்கள் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு இருந்தும் ஆர்மினியஸை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், அவன் பெயர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற பிற்கால அரசியல். ஜெர்மானியத் தேசியவாதம் அவனை ஹெர்மன் ஆக்கியது, டெட்மோல்ட் அருகே 1875இல் வானுயரச் சிலை வைத்தது. நாஜிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவனை வெறும் விடுதலை வீரனாக எழுதினால் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். அவனைக் கொன்றது சொந்த உறவினர்கள், ராஜாவாகப் பார்க்கிறான் என்று. இதை முழுமனதோடு எழுதத் தயார் என்றால் எடுங்கள். இல்லாவிட்டால் மகனை எடுங்கள். ரவென்னாவில் வளர்ந்த துமேலிகஸ் என்னவெல்லாம் அவமானப்பட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன் என்று டாசிட்டஸ் வாக்குக் கொடுக்கிறார். அந்தப் பகுதி தொலைந்துவிட்டது.

விரியாத்தஸ் வேறு ரகம். ரோமச் சம்பளம் வாங்கியவன் இல்லை, ஆடு மேய்த்தவன். அப்படியிருந்தும் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கதை சின்னது, ஒவ்வொரு துண்டும் கூர்மை. கி.மு. 150இல் ரோம ஆளுநர் கல்பா, விரியாத்தஸின் குடியான லுசிதானியரிடம் நல்ல நிலம் தருகிறேன் என்று சொல்லி, மூன்று கூட்டமாகப் பிரித்து, ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லி, கொன்று குவித்தான். தப்பிய சிலரில் விரியாத்தஸ் ஒருவன். கல்பா மேல் ரோமில் வழக்குப் போட முயன்றபோது, ரோமின் மூத்த அரசியல்வாதி கேட்டோ தள்ளாத வயதில் எழுந்து எதிர்த்துப் பேசினார். கல்பா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சபை முன்னால் அழுதான். விட்டுவிட்டார்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் ஒரு கல்யாணக் காட்சியைச் சொல்கிறார். பணக்கார மாமனார் வீட்டில் பொன்னும் வெள்ளியும் பரப்பி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை விரியாத்தஸ் உட்காரவில்லை. ஈட்டியில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் பார்க்கிறான். சாப்பாட்டில் இருந்து கொஞ்சம் ரொட்டியும் இறைச்சியும் எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்து, தானும் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு, பெண்ணை வரச் சொல்லி, சடங்கு முடிந்ததும் குதிரையில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறான். இரண்டு பக்கமும் தாவிக்கொண்டிருந்த ஒரு ஊர்க்காரர்களிடம் அவன் சொன்ன கதையும் இருக்கிறது. இரண்டு மனைவிக்காரன் ஒருவன். இளையவள் அவன் தலையில் நரைமுடியைப் பிடுங்கினாள், மூத்தவள் கருமுடியைப் பிடுங்கினாள், கடைசியில் மொட்டை. நம் ஊர்த் திண்ணையில் சொன்னாலும் சிரிப்பார்கள்.

கி.மு. 140இல் ரோம் அவனோடு உடன்படிக்கை செய்து ரோம மக்களின் நண்பன் என்று அறிவித்தது. அடுத்து வந்த ரோமத் தளபதி கேபியோ அதை முறித்து, அவனுடைய தூதர்களையே விலைக்கு வாங்கினான். எந்த நேரத்திலும் நண்பர்கள் உள்ளே வரலாம் என்று வைத்திருந்த கூடாரம் அது. கவசத்தோடு தூங்கியவனைக் கழுத்தில் குத்திவிட்டுப் போனார்கள். விடிந்தும் அவன் தூங்குகிறான் என்றே ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடாக்ஸ், டிடால்கோ, மினுரஸ் என்று அந்த மூன்று பேரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. குறுநாவலை அந்த மூவரில் ஒருவன் சொல்வதாக வையுங்கள். 150 பக்கத்துக்குள் முடியும். இதை 600 பக்கத்துக்கு இழுத்தால், எட்டு ஆண்டு மலைச் சண்டையில் ஒரு பதுங்கல் இன்னொரு பதுங்கல் மாதிரியே இருக்கும்.

சரி, சிவிலிஸ். இவரைத் தெரிந்தவர்கள் குறைவு, அதுவே முதல் லாபம். பட்டாவியர் என்ற குடி, ரைன் கழிமுகத்தில், இன்றைய நெதர்லாந்தில் வாழ்ந்தது. அவர்கள் ரோமுக்கு வரி கட்டவில்லை, ஆட்களை மட்டும் கொடுத்தார்கள். முழு ஆயுதத்தோடு குதிரையைப் பிடித்தபடி ஆற்றை நீந்திக் கடக்கிறவர்கள் என்று ரோமப் படையில் அவர்களுக்குப் பெயர். ஜூலியஸ் சிவிலிஸ் அரச வம்சம், 25 ஆண்டு ரோமச் சேவை, ஒரு கண் இல்லை. ரோமை நடுங்கவைத்த கார்தேஜ் தளபதி ஹானிபாலுக்கும் ஒரு கண்தான் என்று சொல்லிக்கொள்வார். அவருடைய சகோதரர் பாலஸைக் கலகக்காரன் என்று பொய்க் குற்றம் சாட்டிக் கொன்றார்கள். இவரை விலங்கிட்டு நீரோவிடம் அனுப்பினார்கள், கல்பா பேரரசனாக வந்து விடுவித்தான் (மேலே சொன்ன கல்பா இல்லை, இருநூறு ஆண்டு பிந்தியவன்). அப்புறம் கி.பி. 69. ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள். அந்த நால்வரில் ஒருவரான விடெல்லியஸின் ஆட்கள் படைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். கிழவர்களையும் நோயாளிகளையும் பிடித்து, பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். அழகான சிறுவர்களை வேறு காரியத்துக்கு இழுத்துப் போனார்கள். சிவிலிஸ் ஒரு புனிதத் தோப்பில் விருந்து வைத்து, இரவு முற்றியதும் பேச்சை ஆரம்பித்தார்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது, நாவலுக்கு அந்தச் சிக்கல்தான் வேண்டும். அவர் வெளியில் சொன்னது, அரியணைக்கு விடெல்லியஸோடு போட்டியிட்ட வெஸ்பாசியனின் கட்சி நான், விடெல்லியஸை எதிர்க்கிறேன் என்று. வெஸ்பாசியன் பக்கத்துத் தளபதி ஒருவரே, கலகம் மாதிரி ஏதாவது செய்து ரைன் படைகளைத் தெற்கே வரவிடாமல் பிடித்து வை என்று அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்படியானால் இது கலகமா, உள்நாட்டுப் போரா? எந்த நாளில் நடிப்பு நிஜமானது? அவருக்கே தெரிந்திருக்குமா? மற்ற நால்வரிலும் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

வெட்டெரா, இன்றைய க்ஸான்டென் முகாமில் சுமார் 5,000 லீஜியன் வீரர்களை முற்றுகையிட்டார். உள்ளே குதிரை, கழுதை, தின்னத் தகாத மற்ற விலங்குகள், கடைசியில் செடியும் வேரும் புல்லும் தின்றார்கள். சரணடைந்து வெளியே வந்தவர்களை ஐந்து மைல் தாண்டுவதற்குள் ஜெர்மானியர் மடக்கி வெட்டினார்கள். கலகம் தொடங்கிய நாளில் இருந்து சாயமேற்றிச் சிவப்பாக வளர்த்த முடியைச் சிவிலிஸ் அப்போதுதான் வெட்டினார். பிடிபட்ட லீஜியன் தளபதியை வெலேடாவுக்குப் பரிசாக அனுப்பினார். வழியிலேயே கொன்றுவிட்டார்கள். வெலேடா, லிப்பே ஆற்றோரம் உயரமான கோபுரத்தில் இருந்த குறிசொல்லும் பெண். யாரும் நேரில் பார்க்க முடியாது. உறவினர் ஒருவர் கேள்வியைக் கொண்டுபோய்ப் பதிலைக் கொண்டுவருவார். அந்த இடைத்தரகர் பாத்திரத்தை யோசித்துப் பாருங்கள். பதிலில் அவர் ஒரு சொல்லை மாற்றினால்?

எதிரே வந்த ரோமத் தளபதி பெட்டிலியஸ் செரியாலிஸ். இவர்தான் பிரிட்டனில் பூடிக்காவின் ஆட்களிடம் ஒரு லீஜியனின் காலாட்படையைப் பறிகொடுத்துவிட்டுக் குதிரைப்படையோடு தப்பியவர். இங்கே ஒரு இரவு ஜெர்மானியர் படகில் வந்து அவருடைய கொடிக் கப்பலையே இழுத்துப் போனார்கள். அவர் அதில் இல்லை. உபியர் என்ற குடியைச் சேர்ந்த கிளாடியா சக்ராடா என்ற பெண்ணோடு கரையில் எங்கோ இருந்தார் என்கிறார் டாசிட்டஸ். சிவிலிஸின் சகோதரி மகன் பிரிகான்டிகஸ் ரோமப் பக்கம் நின்று, மாமாவை எதிர்த்துச் சண்டையிட்டுச் செத்தான். சிவிலிஸின் பண்ணைகளை மட்டும் எரிக்காமல் விட்டு, ஊர்க்காரருக்கு அவர் மேல் சந்தேகம் வரவைத்தார் செரியாலிஸ். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இந்த நெருக்கம்தான் எனக்கு வேண்டும்.

கடைசியில் நபாலியா ஆற்றின் மேல் ஒரு பாலத்தை நடுவில் உடைத்து, இந்தப் பக்கம் சிவிலிஸும் அந்தப் பக்கம் செரியாலிஸும் நின்று பேசுகிறார்கள். சிவிலிஸ் பேச ஆரம்பிக்கிறார், சில வாக்கியங்கள். டாசிட்டஸின் ஏடு அங்கே அறுந்துபோகிறது. அதற்குப் பிறகு சிவிலிஸ் என்ன ஆனார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. பிற்காலச் சுமையும் இவர்மேல் குறைவு. டச்சுக்காரர்கள் இவரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடியது உண்மைதான். ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்காக ரெம்பிராண்ட் அந்த விருந்துச் சதியை 1661–62இல் வரைந்தார், குருட்டுக் கண் நேராகத் தெரியும்படி. படத்தை இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெட்டிச் சிறிதாக்கிய துண்டு இப்போது ஸ்டாக்ஹோமில் இருக்கிறது.

தோற்றபின்னும் பட்டாவியர் ரோமப் படையில்தான் வேலை பார்த்தார்கள். கி.பி. 83 வாக்கில் கல்ககஸின் ஆட்களை மலையில் வெட்டிச் சாய்த்த முன்வரிசையிலும் அவர்கள் உண்டு. கி.பி. 100 வாக்கில் வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் இருந்த பட்டாவியப் படையின் மரப்பலகைக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. ஆட்களுக்குப் பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறது ஒன்று. அதே கோட்டையின் கணக்கு ஒன்றில் ஒரு வீரன் இரண்டு தினாரியஸுக்கு மிளகு வாங்கியிருக்கிறான். அந்த மிளகு சேர நாட்டுத் துறைகளில் இருந்து போனது. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல் சொல்கிறது இல்லையா, அதன் மறுமுனை இந்தக் கோட்டைச் சமையலறை. இதை வைத்துச் சேர நாட்டு வணிகன் ஒருவனைக் கதைக்குள் நுழைக்கத் தோன்றும். வேண்டாம். மிளகு மட்டும் போதும்.

யாரை எடுத்தாலும் சில வேலைகள் பொது. குதிரைக் காட்சியில் அங்கவடியில் கால் வைத்து ஏறவிடாதீர்கள், அப்போது அங்கவடியே கிடையாது. படை எண்ணிக்கையை ரோமானியர் சொன்னபடி எழுதுவதற்குப் பதில், பார்க்கிற ஒருவனின் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எழுதுங்கள். பெயர்களைச் சுருக்குங்கள். வெர்சிங்கெடோரிக்ஸ் என்று பக்கத்துக்குப் பத்து முறை வந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சிவிலிஸ், வெலேடா, பாலஸ் என்று இந்தக் கதையில் பெயர்கள்கூடத் தமிழ் நாக்குக்கு லேசாக இருக்கின்றன.

சிவிலிஸ் என்று முடிவானால், அவரையே கதைசொல்லியாக வைக்காதீர்கள். அவர் நினைப்பது நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் கதையின் விசை. கொலோன் நகரில் வையுங்கள். உபியர் ஊர், ரோமக் குடியேற்றம், இரண்டு இனமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கலந்த ஊர். சிவிலிஸின் மனைவியும் சகோதரியும் அங்கேதான் பிணையாக இருந்தார்கள். அலை திரும்பியதும் அவர்களை ரோமிடம் ஒப்படைக்கிறோம் என்று சொன்னதும் அதே ஊர்தான். பக்கத்து டோல்பியாகத்தில் இருந்த சிவிலிஸின் படைப்பிரிவு ஒன்றுக்கு விருந்து வைத்து, குடிக்க வைத்து, கதவைச் சாத்தித் தீ வைத்ததும் இந்த ஊர்க்காரர்களே. கிளாடியா சக்ராடாவும் உபியப் பெண். டாசிட்டஸ் அவளுக்கு ஒரு வரி கொடுத்தார், நீங்கள் ஒரு நாவல் கொடுக்கலாம். முதல் அத்தியாயத்துக்கு நாளும் தயாராக இருக்கிறது: ரைனுக்கு அக்கரையில் இருந்து டென்க்டெரி என்ற ஜெர்மானியக் குடியின் தூதர்கள் வந்து, உங்கள் மதிலை இடியுங்கள், ஊருக்குள் இருக்கிற ரோமானியர் எல்லாரையும் கொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் யோசிக்க அவகாசம் கேட்கிறார்கள். அந்த ரோமானியரில் பாதிப் பேர் அவர்களுடைய மருமகன்கள்.